நாலு கேக்கும் ஒரு மாடியும்

அத்தியாயம் 11

போன வாரம் வாலுவை அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில், ஒரு கையில் கேக் பெட்டியும் மறு கையின் விரல் அழைப்பு மணியிலுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே விடுவோம்.

நாற்பதைத் தாண்டிய பெண்மணியை இன்னும் வாலு என்று கூப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். சிறு வயதில் செய்த சேட்டைகளுக்காக வீட்டில் வைத்த பெயர் அது. சேட்டை எப்போதோ போய்விட்டது, பெயர்தான் போக மாட்டேன் என்கிறது. இப்போது அவள் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறாள். மெழுகையும் பிளாஸ்டரையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு அளவு பார்ப்பது பிழைப்பு. அதனால் யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வாயில்தான் போய் நிற்கும்.

இன்று அவள் வந்தது விடுமுறை நாள் விருந்து சாப்பிட மட்டும் இல்லை. அவள் தனியாகக் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் தன் மகனுக்காகக் கேட்டுவிட்டார். வாரக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வேறு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா போனில் சொன்னாள்: "நீ ஏன்டி நாயா அலையற? அண்ணன் அவன் வீட்டு மாடியை உனக்குத் தர்றேன்னுட்டான். அவனே வாய்விட்டுச் சொன்னான்."

அதை நம்பி வாலு, பேசி முடிக்கிற நிலையில் இருந்த ஒரு சின்ன வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே அது வேறு யாருக்கோ போய்விட்டது. சாமான்களை மூட்டை கட்டியாயிற்று. அண்ணனைப் பார்த்து நன்றி சொல்லி, மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன அன்று அண்ணன் வெளியூரில், நின்றுபோன ஒரு லிஃப்டைச் சரி செய்துகொண்டிருந்தான். "நான் வர்ற வரைக்கும் ஆபரேஷன் வேண்டாம்" என்றான். காத்திருக்க நேரமில்லை என்றார் டாக்டர். வாலு கையெழுத்துப் போட்டாள். அப்பா திரும்பி வரவில்லை. ஓடி வந்து சேர்ந்த அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "நீதான் அப்பாவைக் கொன்னே" என்றான்.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் விடுமுறை நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால், அது அம்மாவின் கைங்கரியம். அம்மா வேலை பார்த்தது தொலைபேசி நிலையத்தில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் இணைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் நேராகக் கூப்பிட மாட்டார்கள். எல்லோரும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவள் இந்தப் பக்கச் சேதியை அந்தப் பக்கம் சேர்ப்பாள்.

அப்படிப்பட்ட அம்மாவுக்குப் போன வாரம் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் சொல்கிற வரை மூச்! பேசக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, ரகசியம்கூடச் சொல்லக் கூடாது.

சரி, கதவைத் திறந்துவிட்டார்கள்.

"வா வா வா," என்றாள் அண்ணி. வாலுவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "கேக்கா?"

"ஆமா அண்ணி. ஏன்?"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே வாலுவின் தோளைத் தள்ளிக்கொண்டு போய் சாப்பாட்டு மேசை முன்னால் நிறுத்தினாள். மேசையின் மேல் ஏற்கெனவே மூன்று கேக்குகள் வரிசையாக இருந்தன. வேறு எதுவும் இல்லை.

"நாலாவது வந்தாச்சா?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உலகத்தில் எல்லோரும் தப்பாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி. "ரொம்ப நல்லது. சர்க்கரை வியாதி இல்லாதவங்க கை தூக்குங்க."

நடந்தது இதுதான். அண்ணி ஒரு மாணவர் விடுதியில் சமையல் பார்க்கிறாள். வருஷம் முழுக்க நூற்றுக்கணக்கான பேருக்கு வடித்துக் கொட்டுகிறவள், இந்த ஒரு விடுமுறை நாளில் மட்டும் கரண்டியைத் தொடுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறாள். ஆகவே நீ சோறு, நீ குழம்பு, நீ இனிப்பு என்று அம்மாதான் போனில் பிரித்துக் கொடுப்பாள். இந்த முறை அம்மா பேசவில்லை. சரி, யாராவது யாரையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்க மாட்டார்களே! மற்றவர்களுக்கெல்லாம் அம்மா ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருப்பாள், நம்மைத்தான் விட்டுவிட்டாள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு போக முடியாதே என்று ஆளுக்கொரு கேக் வாங்கினார்கள். அண்ணனும் ஒன்று வாங்கி வந்திருந்தான். அண்ணிக்கு விடுதிப் பிள்ளைகள் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அம்மா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, விரலிடுக்கில் ஒரு பேனா. வாலுவைப் பார்த்ததும் அவள் முகம் மலர வேண்டும். மலரவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை ஆசிரியரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வாலு குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். "வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் உதடு உள்ளுக்குள் மடிந்து, பல்லுக்கடியில் போயிருந்தது. வலியில் வாய் இப்படிப் போகாது என்று வாலுவுக்குத் தெரியும். இது வேறு எதற்கோ.

அண்ணன் ஜன்னலோரம் நின்று ஏதோ திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விடுமுறை நாளிலும் அவன் சட்டைப்பையில் ஒரு திருப்புளி இருக்கும். வாலு தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

டங் என்று ஒரு சத்தம். அம்மா கரண்டியால் தட்டைத் தட்டினாள். பலகையை உயர்த்திக் காட்டினாள்: 'எல்லாரும் உட்காருங்க.'

உட்கார்ந்தார்கள். வாலு அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தாள். அம்மா விருட்டென்று எழுந்து வந்து அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

'இது என்னடா புதுசா இருக்கு?' என்று தோன்றியது வாலுவுக்கு. போன வருஷம் வரை, அண்ணனுக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடு, தங்கைக்கு இந்தப் பாத்திரத்தைக் கொடு என்று இருவரையும் ஒட்ட வைக்கப் படாத பாடு பட்டவள் அம்மா. இன்று ஏன் நடுவில் வந்து சுவர் எழுப்புகிறாள்?

"அண்ணா," என்றாள் வாலு, அம்மாவின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அம்மா இருமினாள். இருமக்கூடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எல்லோரும் பதறினார்கள். தண்ணீர் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுப் பலகையில் எழுதினாள்: 'கேக்கை வெட்டு.'

"வெறும் கேக்கைச் சாப்பிட்டு மயங்கி விழவா?" என்றார் மாமா. "வண்டியில பெட்ரோல் இல்லாம ஹாரனை மட்டும் அடிச்சா ஓடுமா? சோறு வேணும்."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"என்னை யாரும் பார்க்காதீங்க," என்றாள் அண்ணி, காலை நீட்டிக்கொண்டு. "இன்னைக்கு என் அடுப்புக்கு லீவு. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் கை இருக்கு, கால் இருக்கு. போய் ஒரு சோறு வெச்சு நாலு முட்டையைப் போடுங்க. நான் இந்த நாற்காலியை விட்டு நகர மாட்டேன்."

அம்மா பாதி எழுந்தாள். மாமா அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். "அக்கா, நீ நோயாளி. பிரேக்கை விட்டுக் காலை எடுக்காதே."

வாலு சமையலறைக்குள் போகும்போது திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் சத்தமில்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. வாயைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை.

சமையலறையில் முதல் பிரச்சினை, அரிசி எங்கே என்பது. அது அண்ணனின் சொந்த வீடுதான். அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தான்.

"அது சோப்புத் தூள்," என்றாள் வாலு.

"தெரியுது," என்றான், தும்மிக்கொண்டே.

அரிசி கடைசியில் கண்ணெதிரேயே இருந்தது. வாலு களைந்து போட்டாள். அண்ணன் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று வாலு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி அண்ணா."

"எதுக்கு?"

"மாடிக்குத்தான். நீ சொல்லலைன்னா நான் இந்நேரம் தெருவுல நின்னிருப்பேன்."

"எந்த மாடி?"

"இந்த மாடிதான். உன் மாடி."

"அங்க என் மோட்டாருங்க கிடக்கே."

"அதையெல்லாம் எடுத்துட்டு எனக்குத் தர்றேன்னு சொன்னியாமே."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட."

அண்ணன் முட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். "அம்மா என்கிட்ட மாடியைப் பத்திப் பேசவே இல்ல, வாலு."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் அவளுக்குக் கண் கலங்கியிருக்கும். இப்போதோ மூட்டை கட்டிய சாமான், கைவிட்டுப் போன சின்ன வீடு, வாரக் கடைசி எல்லாம் ஒன்றாக வந்து கண்முன் நின்றன.

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தது. அம்மா இதை இட்டுக்கட்டினாள் என்றால், வேறு எதையெல்லாம்?

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்தப்ப, நீ தினமும் என்னை விசாரிச்சே, இல்ல?"

"உனக்குக் காய்ச்சலா? எப்ப?"

வாலு அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

இப்போது அண்ணனுக்கும் ஆவல் பற்றிக்கொண்டது. "நான் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப நீ ஒரு போர்வை குடுத்தனுப்பினியே? நீலக் கலர்ல?"

"அது நான் அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது."

"அண்ணனுக்குக் குளிருமேன்னு தேடிப் பிடிச்சு வாங்கினேன்னு..."

"நான் அப்படிச் சொல்லல. நீ எனக்குப் பட்டறை நாற்காலி சரியில்லைன்னு கவலைப்பட்டியாமே?"

"நீ நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கறேங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

இருவரும் மாறி மாறி எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. வேடிக்கையாகக்கூட இருந்தது. ஓரிடத்தில் அண்ணன் சிரித்தேவிட்டான். அப்புறம் சிரிப்பு நின்றது. ஏனென்றால் இரண்டு பேருக்கும் தெரியும், இனி கேட்க ஒன்றுதான் மிச்சம்.

வாலுதான் கேட்டாள். "அப்ப, வராந்தாவுல சொன்னது தப்புன்னு நீ அழுததா அம்மா சொன்னது?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "நான் அப்படிச் சொல்லல."

"ம்."

"நீதான், அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கணும்னு சொல்லிச் சொல்லி அழுததா அம்மா சொன்னாங்க. அதை நம்பித்தான் உன்னோட ஒரே மேசையில உட்கார்ந்தேன்."

"அழுதேன். ஆனா அதுக்காக அழல. அப்பா போயிட்டாரேன்னு அழுதேன்." வாலுவின் குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "காத்திருந்தாலும் அப்பா போயிருப்பாரு அண்ணா. டாக்டர் சொன்னாரு. அந்தக் கையெழுத்துச் சரிதான்னு இன்னைக்கும் நினைக்கறேன்."

சோறு பொங்கி அடுப்பின் மேல் வழிந்தது. யாரும் அசையவில்லை. மூன்று வருஷம் இந்த வீட்டைத் தாங்கி நின்ற இரண்டு மன்னிப்புகளும் ஒரே ஆள் உட்கார்ந்து தயாரித்தவை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அண்ணன் கை நீட்டி அடுப்பை அணைத்தான்.

கூடத்துக்கு அவர்கள் பாத்திரத்தோடு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் முகத்திலேயே படித்துவிட்டாள். அவசரமாகப் பலகையில் எழுதினாள்: 'சோறு வெந்ததா?'

"வெந்துச்சு," என்றாள் வாலு. "அம்மா, நீ எதுவும் எழுத வேண்டாம். தலையை ஆட்டினாப் போதும். அண்ணன் மாடியைத் தர்றேன்னு சொன்னானா?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். கேக்குகளைக்கூட ஒரு முறை பார்த்தாள். உதவிக்கு யாரும் வரவில்லை. மெல்ல, இல்லை என்று தலையாட்டினாள்.

"வராந்தா விஷயம்?" என்றான் அண்ணன்.

அம்மாவின் தலை குனிந்தது. அதற்கு மேல் ஆட்ட அதற்குத் தெம்பில்லை.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார் மாமா. "அக்கா எப்பவுமே அப்படித்தான். முதல்ல இணைப்பைக் குடுத்துடுவா. அந்தப் பக்கம் பேச ஆள் இருக்கானாங்கறதை அப்புறம் பார்த்துப்பா. ஆள் இல்லைன்னா அவளே பேசிடுவா. தொண்டை மட்டும் சரியா இருந்திருந்தா, இந்நேரம் உன் அண்ணனை நச்சரிச்சு மாடியை வாங்கியே குடுத்திருப்பா."

"நல்லா இருக்கு கதை," என்றாள் அண்ணி. நாற்காலியை விட்டு நகர மாட்டேன் என்றவள் எழுந்தே நின்றுவிட்டாள். "மாடி யாருக்குன்னு இவ்வளவு பேரு பேசறீங்களே, இந்த வீட்டுக்காரின்னு ஒருத்தி இருக்காளேன்னு ஒருத்தருக்காவது தோணிச்சா? அத்தை, நீங்களாவது என்கிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

வாலு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கோபத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. யாரும் கொடுக்காத ஒன்றை வாங்கிக்கொள்ள, கேக்கும் கையுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். எங்கே போவாள்? தெரியாது. பட்டறையில் ஒரு மூலை கிடைக்கலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தக் கூடத்தை விட்டுப் போக வேண்டும்.

"நான் கிளம்பறேன்."

அம்மா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பலகை கீழே விழுந்தது. அம்மாவின் வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. அவள் பேசப் போகிறாள்.

வாலு சட்டென்று தன் உள்ளங்கையை அம்மாவின் வாயில் வைத்து மூடினாள். "பேசாதே. டாக்டர் என்ன சொன்னாரு? குரல் போயிடும்."

அம்மாவின் கண்ணீர் அவள் விரல்களில் இறங்கியது. அம்மா மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஈரத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பொய்தான். ஆனால் அந்தப் பொய்களுக்குள் இருந்துகொண்டுதான் வாலு இந்த மூன்று வருஷமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"உட்காரு," என்றான் அண்ணன்.

"இல்ல, நான்..."

"உட்காருன்னு சொன்னேன்." அவன் நீளமாகப் பேசிப் பழகாதவன். லிஃப்டுக்குள் தனியாக வேலை பார்க்கிறவனுக்கு யாரோடு பேச்சு? வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தான். "எனக்குக் கோபம் போகல. போயிடுச்சுன்னு நானே நினைச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, அப்படியே இருக்கு."

"சரி," என்றாள் வாலு.

"உனக்கும் போயிருக்காது."

"எப்படிப் போகும்? கொன்னேன்னு சொன்னியே அண்ணா. அத்தனை பேர் முன்னாடி."

"சொன்னேன்." அண்ணன் திருப்புளியை மேசை மேல் வைத்தான். மறுபடி எடுத்தான். "கையெழுத்து விஷயம் வேற. அதை நீயும் நானும் தனியா உட்கார்ந்து சண்டை போட்டுக்கலாம். ஆனா அந்த வார்த்தை தப்பு. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது."

வாலு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அம்மா சொல்லிக் குடுத்ததா?"

"அவங்களாலதான் பேச முடியாதே."

மாமா தும்முவது போல ஒரு சத்தம் போட்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா, தெரியவில்லை.

"மோட்டாரையெல்லாம் இறக்க ஒரு நாள் ஆகும்," என்றான் அண்ணன். "வந்து இரு. சண்டை போடறதுன்னாலும் பக்கத்துல இருந்தாத்தான் வசதி." சொல்லிவிட்டு ஞாபகம் வந்தவனாக மனைவி பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்ற?"

"கேட்டீங்களே, அதுவே போதும்," என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு. விடுமுறை நாள்ல சோறு இவதான் வைக்கணும். அதுவும் அடிப்பிடிக்காம."

வாலு கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். அப்பாடா! தலைக்கு மேல் ஒரு கூரை வந்துவிட்டது. அதைவிடப் பெரிது, அதை அண்ணனே தன் வாயால் சொல்லிவிட்டான்.

பிறகு அவர்கள் சாப்பிட்டார்கள். அடிப்பிடித்த சோறு, ஓரம் கருகிய முட்டை, நாலு கேக். நாலு கேக்கிலும் ஒரே சுவைதான், ஒரே கடையில் வாங்கியவை போலிருக்கிறது. மாமா ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வாலு கொண்டு வந்ததுதான் மட்டம் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் தன் தட்டிலிருந்து நல்லதாக ஒரு முட்டையை எடுத்து வாலுவின் தட்டில் வைத்தான். பழக்கதோஷம், அவள் அம்மாவைப் பார்த்து "அண்ணன்கிட்ட போதும்னு சொல்லு" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "போதும் அண்ணா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

அதுதான் வாலுவுக்கு விளங்கவில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது. யாரும் அம்மாவைத் திட்டவில்லை. மாடியும் கிடைத்துவிட்டது. இனி அம்மா நிம்மதியாக ஒரு வாய் கேக் சாப்பிட வேண்டியதுதானே? அவள் தட்டைத் தொடவே இல்லை. உதடு இன்னும் பல்லுக்கடியில்தான் இருந்தது. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பதும், மேசையில் கிடந்த தன் போனைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"என்னம்மா? இன்னும் என்ன?" என்றாள் வாலு.

போன் அடித்தது.

அம்மா பாய்ந்து எடுத்தாள். எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். எடுத்து என்ன செய்வாள், பேசவா முடியும்? மாமா கையை நீட்டினார். "குடு அக்கா. சின்னவனாத்தான் இருக்கும். விடுமுறைன்னா கூப்பிடாம இருப்பானா?"

சின்னவன் என்றால் இந்த வீட்டின் கடைக்குட்டி. வேலைக்கென்று மனைவியோடு கடல் தாண்டிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆபரேஷன் விஷயம் அவனுக்குத் தெரியாது. பயந்துவிடுவான் என்று அம்மா மறைத்துவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலையாட்டுவதைச் சங்கோசம் என்று எடுத்துக்கொண்டு, மாமா போனைப் பிடுங்கி எல்லோரும் கேட்கும்படி மேசை நடுவில், கேக்குகளுக்கு மத்தியில் வைத்தார்.

"அம்மா? அம்மா, கேக்குதா? லைன் சரியில்ல போல. பரவாயில்ல, நான் பேசறேன், நீ கேளு." சின்னவனின் குரல் மூச்சிரைக்க வந்தது. அவன் எப்போதுமே அப்படித்தான், யார் பேசுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கொட்டித் தீர்த்துவிடுவான். "வேலையை விட்டாச்சும்மா. வீட்டையும் காலி பண்ணியாச்சு. டிக்கெட் எடுத்தாச்சு. இந்த வாரக் கடைசியில வந்து இறங்கறோம். அவளுக்கு ஆறாம் மாசம் முடியுது, இதுக்கு மேல பிரயாணம் கூடாதுன்னுட்டாங்க. நல்ல செய்தியை எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா? அண்ணன் என்ன சொன்னான்?"

ஆறாம் மாசமா! அண்ணியின் கை வாய்க்குப் போயிற்று. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான். வாலுவுக்கு ஒரு கணம் மனசு குதித்தது. அத்தை ஆகப் போகிறாள்!

"அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லிடும்மா," என்றான் சின்னவன். "கேக்காமலே மாடியை எங்களுக்குத் தர்றேன்னு சொன்னானே, எந்த அண்ணன் சொல்லுவான்? அப்புறம் அக்கா. அக்காதான் பிடிவாதம் பிடிச்சு, 'மாடி தம்பிக்குத்தான், எனக்கு எதுக்கு'ன்னு அண்ணன்கிட்ட வாதாடினதா நீ சொன்னப்ப, எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. இவகிட்டயும் சொன்னேன். பிறக்கறது பொண்ணா இருந்தா அக்கா பேரைத்தான் வைக்கணும்கறா. அம்மா? இருக்கியா?"

அண்ணன் வாலுவைப் பார்த்தான். மாமா கேக்கைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாராவது பேசுங்களேன். அக்கா அங்க இருக்காளா?"

யாரும் சொல்லாமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல், வாலு கை நீட்டிப் போனை எடுத்தாள்.

"தம்பி, அக்காதான் பேசறேன்," என்றாள்.

அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.